கடற்கரை மணற்குன்றை வளர்த்தல்: கஸ்கோனியிலிருந்து சோழமண்டலக் கரை வரை

அலை கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த மணலைக் காற்று நிலப்பக்கமாக எடுத்துச் செல்ல, வழியில் செடிகொடிகள் அதைப் பிடித்துவைப்பதால் உருவாகும் மேடே கடற்கரை மணற்குன்று. அலை, காற்று, செடி என்னும் மூன்றின் வினையும், மணல் என்னும் ஒரு பொருளின் வரவும் இந்த வரையறையில் அடங்கியுள்ளன. நான்கில் ஒன்று குறைந்தாலும் குன்று எழாது, எழுந்த குன்றும் நீடிக்காது. மனிதர் தம் முயற்சியால் ஒரு குன்றை எழுப்ப முற்படும்போதும், அலையும் மணலை ஓரிடத்தில் நிலைப்படுத்த முற்படும்போதும், உண்மையில் செய்வது இந்த வினைகளில் ஒன்றை விரைவுபடுத்துவதோ தணிப்பதோதான். கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் இத்துறையில் நடந்த பெருமுயற்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது: குன்றைச் சுவராக எண்ணிக் கட்டியவர்கள் சில தலைமுறைகளில் அதன் முன்னிருந்த கடற்கரை குறுகக் கண்டார்கள், மணலைக் கொடுத்தும் வாங்கியும் வாழும் ஒரு சேமிப்பாக அதை எண்ணியவர்களுக்கே அது நெடுங்காலம் பயன்பட்டது. இவ்வுரை விளக்க முற்படுவது இந்த வேறுபாட்டையே.

குன்றின் பணி புயல் நாளில்தான் வெளிப்படுகிறது. இயல்பான நாட்களில் அலை குன்றின் அடியைத் தொடுவதில்லை. இடையில் கிடக்கும் அகன்ற மணற்பரப்பே அதன் விசையைத் தணித்துவிடுகிறது. புயலின்போது கடல்மட்டம் உயர்ந்து, வழக்கமான ஏற்றநீர் எல்லையைக் கடந்து வரும் அலைகள் குன்றின் முகப்பை அடியில் அறுக்க, மேலிருந்து மணல் சரிந்து விழுகிறது. விழுந்த மணலைப் பின்வாங்கும் நீர் கடலுக்குள் இழுத்துச் சென்று, கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் நீண்ட திட்டாகப் படியவிடுகிறது. அதன்பின் வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டின்மேல் ஏறும்போதே உடைந்துவிடுவதால், கரைமீது விழும் தாக்கம் குறைகிறது. புயல் ஓய்ந்த பிறகு, சீராக வரும் தாழ்ந்த அலைகள் அதே மணலைச் சிறிதுசிறிதாகக் கரைக்குத் திருப்ப, அங்கே உலர்ந்ததைக் காற்று குன்றுக்குத் திருப்புகிறது. அறுபட்ட முகப்பு சில ஆண்டுகளில் மீண்டும் நிறைகிறது. அறுவடையில் நிறைந்து பஞ்சத்தில் திறக்கப்படும் நெற்குதிருக்கு இதை ஒப்பிடலாம்: திறக்கவே இயலாதபடி பூசி அடைத்த குதிர் எவ்வளவு நிறைந்திருந்தாலும் பஞ்சத்துக்கு உதவாது.

காற்று மணலை எவ்வாறு பெயர்க்கிறது என்பதை அளந்து விளக்கியவர்களுள் முதன்மையானவர் ரால்ஃப் பாக்னால்டு என்னும் பிரித்தானியப் படைப் பொறியாளர். லிபியப் பாலைவனப் பயணங்களிலும் காற்றுச் சுரங்கச் சோதனைகளிலும் கண்டவற்றை அவர் 1941இல் நூலாக வெளியிட்டார். காய்ந்த மணல் பெரும்பாலும் துள்ளியே நகர்கிறது: காற்றால் எழும்பிய துகள் வளைந்த பாதையில் சற்றுத் தொலைவு சென்று விழ, விழுந்த இடத்தில் அதன் மோதல் வேறு துகள்களை எழுப்புகிறது. எழும்ப இயலாத பருமனான துகள்கள் இந்த மோதலால் தள்ளப்பட்டுத் தரையோடு ஊர்கின்றன. தூசியளவு நுண்ணியவை மட்டுமே காற்றில் மிதந்து செல்கின்றன. துள்ளும் மணலின் பெரும்பகுதி முழங்கால் உயரத்துக்குள்ளேயே ஓடுவதால், அதைப் பிடிக்க உயர்ந்த தடை தேவையில்லை. நடுத்தரப் பருமனுள்ள உலர்ந்த மணல் பெயரத் தொடங்குவதற்கு நொடிக்குச் சுமார் 5 அல்லது 6 மீட்டர் வேகமுள்ள காற்று போதும். ஈர மணலுக்கு அதைவிட வலுவான காற்று வேண்டும். அந்தத் தொடக்க வேகத்தை வெகுவாகக் கடந்த காற்றில், பெயரும் மணலின் அளவு ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது என்பதே பாக்னால்டின் ஆய்வில் இங்கு மிகவும் பயன்படும் முடிவு. வேகம் இருமடங்கானால் மணல் எண்மடங்காகும். வேகத்தைப் பாதியாகத் தணித்தால், வந்த மணலில் மிகச் சிறு பங்கு தவிர மற்றதெல்லாம் அங்கேயே விழுந்துவிடும்.

மணல்வேலியின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது. காற்றை முற்றிலும் மறிக்கும் மதிலைக் கடற்கரையில் எழுப்பினால், மோதிய காற்று கீழ்நோக்கிச் சுழன்று மதிலின் அடியையே தோண்டும்; மறுபக்கத்திலும் சுழல் உண்டாகி மணல் அமைதியாகப் படியாது. ஆகவே நல்ல மணல்வேலியில் ஏறத்தாழப் பாதி மறைப்பும் பாதித் திறப்பும் இருக்கும்: ஊடுருவிச் செல்லும் காற்று வேகம் இழந்து, சுழலாமல், தான் சுமந்துவந்த மணலை வேலியின் இருபுறமும் இறக்கிவிடுகிறது. ஒரு மீட்டரைச் சற்று மிஞ்சிய உயரமே இதற்குப் போதுமானது. முதல் வேலி மணலில் மூழ்கியதும், எழுந்த மேட்டின்மேல் அடுத்த வேலி நடப்படுகிறது. குன்று படிப்படியாக உயர்கிறது. இயந்திரங்களால் மணலை அள்ளிக் குவித்து ஒரே வாரத்தில் மேடு எழுப்புவது எளிது. ஆனால் அதைக் குன்று என்று அழைப்பது பொருந்தாது. காற்று படியவைத்த குன்றின் கடற்பக்கம் தாழ்ந்த சரிவாகவும், நிலப்பக்கம், உலர்ந்த மணல் சரியாமல் தாங்கும் பெருங்கோணமான சுமார் 33 பாகை வரை செங்குத்தாகவும் அமைகின்றன. அதன் ஒவ்வோர் அடுக்கிலும் வேர்கள் ஊடுருவியிருக்கும். குவித்த மேட்டில் இவை எதுவும் இல்லாததால், முதல் புயலே அதை எளிதில் அறுத்துவிடக்கூடும்.

வேலி மணலைப் பிடிக்குமே ஒழிய, பிடித்ததை நெடுநாள் காக்காது. அது செடியின் வேலை. ஓதம் ஒதுக்கிவிட்டுப் போகும் கடற்பாசி, சருகு, குச்சி ஆகியவற்றின் நிழலில் ஒரு விதை முளைத்து, அந்தச் சிறு செடியின் பின்னால் ஒரு கைப்பிடி மணல் தங்குவதில்தான் இயற்கையான குன்று தொடங்குகிறது. ஐரோப்பியக் கரைகளில் இந்தப் பணியின் முதல்வன் மாரம் என்னும் புல். மணலில் புதைவது பிற செடிகளுக்குச் சாவாக இருக்க, மாரம் புல்லோ ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவு புதையுண்டாலும் தரைகீழ்த்தண்டை மேல்நோக்கி நீட்டி, புதிய மட்டத்தில் வேர்விட்டுத் தழைக்கிறது. மணல் வரவு நின்றுவிட்டால்தான் அது நலிகிறது. குன்றை முழுவதுமாக அடக்கி அசையாமல் செய்துவிட்டால், அதைக் கட்டிக்காத்த புல்லே முதலில் சோர்ந்துபோகும் என்பது நிலைப்படுத்துவோர் அடிக்கடி மறக்கும் உண்மை. கடலை நோக்கி நிற்கும் முதல் வரிசைக் குன்றை முன்குன்று என்று அழைக்கலாம். புது மணல் வந்து விழுவதும், புயலில் அறுபடுவதும், மாரம் தழைப்பதும் அங்கேதான். அதன் பின்னால் உள்ள பழைய குன்றுகளில் மணல் வரவு குறைந்து, பாசியும் புதரும் மரமும் வரிசையாக இடம்பிடிக்கின்றன.

இந்த அறிவு ஒரு நாட்டின் பெரும்பணியாக உருவெடுத்த இடம் பிரான்சின் தென்மேற்கில் உள்ள கஸ்கோனிக் கரை. ஜிரோந்து ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து அதூர் ஆறு வரை சுமார் 230 கி.மீ. நீளத்துக்கு, ஆர்காஷோன் குடா ஒன்றைத் தவிர, ஏறக்குறைய நேர்கோடாக ஓடும் மணற்கரை அது. அட்லாண்டிக்கின் மேற்குக் காற்று தடையின்றி வீசும் அக்கரையில், 18ஆம் நூற்றாண்டில் செடியற்ற மணற்குன்றுகள் ஊர்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. அவை ஓடைகளின் வாயை அடைத்தமையால் நீர் தேங்கி, குன்றுத் தொடரின் பின்னால் பெரிய ஏரிகள் உருவாகியிருந்தன. மிமிசான் ஊர் மணலின் அச்சத்தில் வாழ்ந்தது. வடமுனையிலுள்ள சூலாக் ஊரின் பழைய மாதா கோவில் மணலில் புதைந்து, மக்கள் அதைக் கைவிட்டு வேறிடம் சென்றார்கள். ஆடுமாடு மேய்ச்சலும் விறகு வெட்டும் காட்டுத்தீயும் முந்தைய செடிமூட்டத்தை அழித்திருந்ததும் இந்த நகர்வுக்கு ஒரு காரணம். குன்று ஓர் ஊரை மூடுவது ஓர் இரவில் நிகழ்வதன்று. பேரக்குழந்தைகள் காலத்தில் தம் வயல் எங்கே இருக்கும் என்பதை அங்கிருந்தோர் கண்கூடாகக் கணிக்க முடிந்தது என்பதே அந்தத் துயரத்தின் தன்மை.

இந்த மணலை அடக்கிய புகழ் பெரும்பாலும் நிக்கோலா பிரெமோந்தியே (1738–1809) என்ற அரசுப் பொறியாளருக்கே வழங்கப்படுகிறது. ஆர்காஷோன் குடாவின் கரையிலுள்ள லா டெஸ்ட் ஊரில் 1787ஐ ஒட்டி அவர் தொடங்கிய சோதனை நடவுகளும், 1797இல் வெளியிட்ட ஆய்வுரையும் அரசின் கவனத்தை ஈர்த்தன என்பது மெய். எனினும், அவருக்கு முன்பே அப்பகுதியின் நிலவுடைமையாளரான ருவா குடும்பத்தார் குன்றுகளில் ஊசியிலை மர விதைகளை விதைத்துப் பார்த்திருந்தார்கள். கடற்படைப் பொறியாளர் ஷார்லெவுவா தெ வில்லேர், துறைமுகம் அமைக்கும் முன் குன்றுகளை நிலைப்படுத்த வேண்டும் என்று 1780ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதியிருந்தார். களத்தில் நின்று நடவை நடத்திக் காட்டியவர்கள் பேஷான் குடும்பத்தைச் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள். மணலோடு வாழ்ந்தவர்களின் கைப்பழக்கமும் அரசின் பணமும் சந்தித்த இடத்தில்தான் இந்தப் பணி வென்றது. ஒருவரின் பெயரை மட்டும் சொல்லும் வரலாறு அந்தச் சந்திப்பை மறைத்துவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டில் முழுமை பெற்ற கஸ்கோனி முறை சற்று விரிவாக நோக்கத் தக்கது. ஏற்றநீர் எல்லைக்குச் சற்றுப் பின்னால், கரைக்கு இணையாக, மரப்பலகைகள் மணலில் செங்குத்தாக நடப்பட்டன. இரண்டு பலகைகளுக்கு இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடப்பட்டது. காற்றோடு வந்த மணலில் ஒரு பகுதி பலகைக்கு முன்னும், இடைவெளி வழியே புகுந்த பகுதி பின்னும் குவிந்தது. பலகைகளின் தலை மட்டும் தெரியும் அளவுக்கு மணல் ஏறியதும், நெம்புகோல் கொண்டு ஒவ்வொரு பலகையையும் மேலே உயர்த்தினார்கள். அதே பலகை மீண்டும் வேலியானது. மணல் மீண்டும் ஏறியது. பலகை மீண்டும் உயர்த்தப்பட்டது. இவ்வாறு பல ஆண்டுகளில் பத்து மீட்டரைத் தாண்டிய செயற்கை முன்குன்று ஒன்று கரையோரம் முழுவதும் நீண்டது. வேண்டிய உயரம் வந்ததும், அந்நாட்டார் கூர்பே என்று அழைக்கும் மாரம் புல்லை அதன்மேல் நட்டார்கள். பொறியாளர்கள் அறிவால் வகுத்த இந்த வேலையில் பெரும்பங்கு பொறுமைக்கு உரியது: மணல் வரும் வேகத்துக்குமேல் எந்தக் குன்றும் வளராது, வந்த மணலை வீணாக்காமல் ஏந்திக்கொள்வது மட்டுமே மனிதர் கையில் இருந்தது.

முன்குன்று கடலிலிருந்து வரும் புது மணலைத் தடுத்து நிறுத்த, அதன் பின்னால் ஏற்கெனவே அலைந்துகொண்டிருந்த குன்றுகளில் மரம் வளர்ப்பது இரண்டாம் கட்டமாயிற்று. கடலோரப் பைன் மரத்தின் விதையைத் தனியே தூவினால் காற்று அதை மணலோடு அள்ளிச் சென்றுவிடும். ஆகவே விரைவில் வளரும் முட்புதர்களின் விதைகளோடு கலந்து விதைத்து, அதன்மேல் வெட்டிய கிளைகளைக் கூரை வேய்வதுபோல அடுக்கடுக்காகப் பரப்பினார்கள். கிளைமூட்டம் காற்றைத் தரையிலிருந்து விலக்கியது. புதர்கள் முதலில் முளைத்து இளம் பைனுக்கு நிழல் தந்தன. பைன் தலைதூக்கியபோது கிளைகள் மக்கி உரமாகியிருந்தன. 1801இல் இப்பணிக்கு அரசாணை கிடைத்தது. உரிமையாளரால் நட இயலாத குன்றுகளில் அரசே நட்டு, செலவு ஈடாகும்வரை விளைச்சலை வைத்துக்கொள்ள 1810ஆம் ஆண்டு ஆணை வழிசெய்தது. 1860களுக்குள் ஏறத்தாழ 80,000 ஹெக்டேர் குன்றுநிலம் நிலைப்படுத்தப்பட்டிருந்தது. பைன் பிசின் அப்பகுதிக்கு வருவாய் தந்தது; சூலாக்கின் மாதா கோவில் மணலிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு மீண்டும் வழிபாட்டுக்கு வந்தது. லா டெஸ்ட்டுக்கு அருகே நிலைப்படுத்தப்படாத பீலா குன்று இன்றும் நூறு மீட்டர் உயரத்தில் நின்று, ஆண்டுதோறும் சில மீட்டர் நிலத்தினுள் நகர்ந்து, தன் பின்னாலுள்ள பைன் காட்டை விழுங்கிவருகிறது. அடக்கப்படாத மணலின் இயல்பை அறிய விரும்புவோர் அங்கே அதைக் காணலாம்.

ஆனால் கதை சூலாக்கின் கோவில் மீட்போடு முடியவில்லை. மணல் மிகுதியால் 18ஆம் நூற்றாண்டில் புதைந்த அதே ஊர், பின்னாளில் மணல் குறைவால் அறுபடத் தொடங்கியது. 1960களின் பிற்பகுதியில் கடலிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி அங்கே கட்டப்பட்ட லெ சிஞால் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பின் அருகே முன்குன்று ஆண்டுதோறும் பின்வாங்கியது. 2013–14 குளிர்காலப் புயல்களில் கடல் அதன் வாசலுக்கே வந்துவிட, 2014 ஜனவரியில் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டார்கள். 2023இல் கட்டடம் இடித்து அகற்றப்பட்டது. முன்குன்றை நேரான சரிவும் சமமான உச்சியும் கொண்ட ஒரே வடிவில் நிறுத்திவைக்க 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் உழைத்தார்கள். பின்வந்த காலத்தில் இயந்திரங்களைக் கொண்டும் அதே வடிவம் மீட்கப்பட்டது. இன்று அந்தக் கரையைப் பேணும் பிரெஞ்சு வனத்துறையினர் அந்த நோக்கத்தைக் கைவிட்டு, மென்மையான கட்டுப்பாடு என்னும் வழியைப் பின்பற்றுகிறார்கள்: குன்றில் காற்று குடைந்த பள்ளங்களை எல்லாம் அடைக்காமல், ஊருக்கு ஆபத்தாக வளர்பவற்றில் மட்டும் கிளைகளைப் பரப்பியும் புல் நட்டும் மணலைத் தணித்து, மற்ற இடங்களில் குன்று தன் வடிவை மாற்றிக்கொள்ளவும் மெல்லப் பின்னகரவும் விட்டுவிடுகிறார்கள். இருநூறு ஆண்டுப் பட்டறிவிலிருந்து பிறந்த இந்த மனமாற்றமே கஸ்கோனி தரும் மிகப் பெரிய பாடம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கரையில் இதே பாடம் வேறு வழியில் கிடைத்தது. அங்குள்ள வெளிக்கரைத் தீவுகள் தடுப்புத் தீவுகள் என்னும் வகையைச் சேர்ந்தவை; அதாவது, பெருநிலத்துக்கும் கடலுக்கும் இடையே, உட்கடல் ஒன்றைப் பின்னால் விட்டு, கரைக்கு இணையாக நீளும் குறுகிய மணல்தீவுகள். 1930களின் பொருளாதார முடக்கத்தில் வேலையிழந்தோருக்குப் பணி தரும் அரசுத் திட்டங்களின் கீழ், 1936 முதல் 1940 வரை அங்கே ஏறத்தாழ 1,000 கி.மீ. மணல்வேலி நடப்பட்டது, புல்லோடு 25 லட்சம் மரக்கன்றுகளும் புதர்களும் வைக்கப்பட்டன. தாழ்ந்தும் உடைந்தும் கிடந்த குன்றுகள் இருந்த இடத்தில் தொடர்ச்சியான மணலரண் ஒன்று எழுந்தது. அதன் பின்னால் கடல்நீர் வராது என்ற நம்பிக்கையில் நெடுஞ்சாலையும் விடுதிகளும் ஊர்களும் வந்தன. மணலரணைப் பேண ஒரே இனப் புல்லைப் பெருமளவில் நட்டதும் பிற்காலத்தில் சிக்கலாயிற்று: பூஞ்சை நோயும் செதிற்பூச்சியும் அந்தப் புல்லைத் தாக்கியபோது, அதன் இடத்தை நிரப்ப வேறு செடி அங்கே குறைவாகவே இருந்தது.

1970களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ராபர்ட் டோலனும் பால் காட்ஃப்ரேயும் இந்தத் தீவுகளை, மணலரண் எழுப்பப்படாத தெற்குத் தீவுகளோடு ஒப்பிட்டார்கள். இயற்கையாக விடப்பட்ட தீவில் புயல்நீர் தாழ்ந்த குன்றுகளிடையே புகுந்து, மணலைத் தீவின் நடுவிலும் மறுபக்கத்திலும் பரப்பிவிடுகிறது. அங்குள்ள புற்கள் அந்த மணலுக்கு மேலே எழுந்து வளர்கின்றன. கடல்மட்டம் உயர உயரத் தீவு இவ்வாறே பின்னால் உருண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. அரண் எழுப்பிய தீவில் மணல் பின்பக்கம் செல்ல வழியில்லை. அலையின் விசை முழுதும் அரணுக்கு முன்னுள்ள கரையில் விழ, அங்கே கடற்கரை பல இடங்களில் சுமார் 30 மீட்டராகக் குறுகியிருந்தது என்று அவர்கள் காட்டினார்கள். கரை குறுகியதற்கு அரணே முதற்காரணம் என்னும் முடிவைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் ஏற்கவில்லை. ஆனால் அரண் கரையின் பின்வாங்கலை நிறுத்தவில்லை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அரணைத் தொடர்ந்து பேணும் கொள்கையை 1973இல் தேசியப் பூங்காத் துறை கைவிட்டது. 1870இல் கட்டியபோது கடலிலிருந்து 450 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்த, அத்தீவுகளிலுள்ள ஹாட்டரஸ் கலங்கரை விளக்கம் 1970க்குள் 40 மீட்டருக்கும் குறைவான தொலைவில் நின்றது. 1999இல் அது முழுமையாகப் பெயர்த்து, சுமார் 880 மீட்டர் அப்பால் நகர்த்தி வைக்கப்பட்டது. அரணை நம்பி அமைத்த நெடுஞ்சாலையின் ஒரு பகுதியோ 2022இல் தீவை விட்டு விலகி, உட்கடலின்மேல் கட்டிய பாலத்துக்கு மாற்றப்பட்டது.

இந்த இரண்டு கரைகளிலும் அடிப்படையான வினா ஒன்றே: மணல் எங்கிருந்து வருகிறது? வேலியும் புல்லும் மணலை உண்டாக்குவதில்லை; கரையில் இருப்பதைச் சேர்த்துவைக்க மட்டுமே அவற்றால் முடியும். வரவு குறைந்த கரையில் குன்று எழுப்ப விரும்பினால், மணலையே வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். நெதர்லாந்து அதைத்தான் செய்கிறது: வட ஹாலந்தில் ஹோண்ட்ஸ்போசே என்னும் பழைய கடலணையின் முன்னால், கடலடியிலிருந்து தோண்டிய சுமார் 350 லட்சம் கன மீட்டர் மணலைக் கொட்டி, 2015இல் புதிய கடற்கரையும் குன்றுத்தொடரும் உருவாக்கப்பட்டன. கல்லணையின் பொறுப்பை மணலிடம் ஒப்படைத்த அந்த நாடு, அந்த மணலை மீண்டும் மீண்டும் இட்டு நிரப்பும் செலவையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அத்தகைய வசதி எல்லா நாடுகளுக்கும் கிட்டுவதில்லை.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் இந்த வினாவுக்குத் தனி அழுத்தம் உண்டு. அலை கரையைச் சாய்வாகத் தாக்குவதால் மணல் கரையோடு நகர்வதைக் கரையோர மணல் ஓட்டம் என்பர். சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் அது வடக்கு நோக்கியே மிஞ்சுகிறது. 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தமையால், தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் கரை தேய்ந்தது. புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் எழுந்த துறைமுகச் சுவருக்கு வடக்கே மணற்கரை மறைந்து கற்கள் மட்டும் நின்றன. இத்தகைய இடங்களில் மணல்வேலி நடுவது வீண்வேலை. அங்கே வேலி பிடிப்பதற்கு மணலே இல்லை. ஒரு கரையில் குன்று வளர்க்கத் திட்டமிடுவோர் முதலில் செய்யவேண்டியது, அங்கே ஏற்றநீர் எல்லை சில ஆண்டுகளாக முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா என்று பார்ப்பதும், அதைத் தலைமுறைகளாகக் கண்டுவரும் மீனவர்களைக் கேட்பதும்தான்.

மணல் வரவு உள்ள கரைகளில் நடவேண்டிய செடிகளைத் தேடி வேறெங்கும் போகவேண்டியதில்லை. மாரம் புல் குளிர்நாட்டுக்கு உரியது. நெய்தல் நிலத்தில் அதன் இடத்தை அடும்பும் இராவணன் மீசையும் நிரப்புகின்றன. சங்கப் பாடல்களில் நெய்தல் திணையின் அடையாளமாக வரும் அடும்பு, ஆட்டின் குளம்பைப் போலப் பிளந்த இலையும் ஊதாநிறப் பூவும் கொண்ட கொடி. கணுவுக்குக் கணு வேர்விட்டு, பல மீட்டர் நீளம் மணல்மீது படர்ந்து, அலை எட்டும் எல்லைக்கு மிக அருகிலும் வாழ்கிறது. இராவணன் மீசை என்பது ஊசிபோல் குத்தும் விறைத்த இலைகளை உடைய புல். மணலைப் பிடித்து மேடாக்குவதில் அடும்பைவிட வலியது. அதன் பெண்செடியில் விளையும் முட்பந்து போன்ற கதிர் முதிர்ந்ததும் கழன்று, காற்றில் கடற்கரையோரம் உருண்டோடி விதை பரப்புகிறது. முகப்பில் அடும்பும், சற்றுப் பின்னால் இராவணன் மீசையும், இன்னும் பின்னால் தாழை போன்ற கடலோரத் தாவரங்களும் என்ற இயற்கையின் வரிசையைப் பின்பற்றினால், வேலி எழுப்பிய மணல் ஓரிரு மழைக்காலங்களில் பசுமை கொள்ளும்.

இந்த இடத்தில் சவுக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையோரம் சவுக்கு பெருமளவில் நடப்பட்டது; அதற்கு முன்பும் விறகுக்காகவும் காற்றுத்தடைக்காகவும் அது பயிராகியிருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்காட்டில் வளர்க்கப்பட்ட சவுக்கங்காடு மணலின் பரவலைத் தணிக்கும் நோக்கம் கொண்டது. பழைய குன்றுகளின் பின்பக்கத்தில், ஊருக்கும் வயலுக்கும் அரணாகச் சவுக்குக்கு இடமுண்டு. ஆனால் முன்குன்றிலேயே அதை நெருக்கமாக நடுவது தவறு. உதிர்ந்த சவுக்குச் சருகு மெத்தைபோல மூடியும், நிழல் படிந்தும், அடும்பும் புல்லும் அங்கே வளர்வதில்லை. புயலில் குன்று அறுபடும்போது சவுக்கின் வேர் மணலைத் தாங்காமல் மரத்தோடு சாய்கிறது. பங்குனி ஆமை எனப்படும் சிற்றாமை முட்டையிட ஏறிவரும் திறந்த மணலும் சுருங்குகிறது. எண்ணிக்கை காட்ட எளிது என்பதால் மரக்கன்றுகளைக் கடல்முகத்தில் வைப்பதைக் கைவிட்டு, தரையோடு படரும் கொடிக்கு அந்த இடத்தைத் தருவதே முறையான நிலைப்படுத்தல்.

ஆழிப்பேரலை குன்றின் மதிப்பையும் கொடுமையான முறையில் காட்டிச் சென்றது. இலங்கையின் யால பகுதியில், கடலைப் பார்க்கும் வசதிக்காகக் குன்றை அகற்றிய ஒரு விடுதி அழிந்துபோக, அருகே குன்று காக்கப்பட்டிருந்த இடத்தில் சேதம் மிகக் குறைவாக இருந்தது. இந்தியாவின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணற்குன்றுகளை மிக உயர்ந்த காப்புக்குரிய வகையில் சேர்த்திருப்பது இதன் காரணமாகவும் சரியானதே. ஆனால் குன்று ஒரே நாளில் அழிக்கப்படுவதைவிட, ஒற்றையடிப் பாதைகளால் மெல்ல அழிவதே மிகுதி. காலடி பட்டுக் கொடி இறந்த இடத்தில் காற்று மணலைக் குடைந்து பள்ளமாக்க, அந்தப் பள்ளத்தின் வழியே புயல்நீர் உட்புகுகிறது. கடலுக்குப் போகும் வழியை மீனவருக்கு மறுத்துக் குன்றைக் காக்க இயலாது. படகும் வலையும் கருவாட்டுக் களமும் அங்கே அவர்களின் வாழ்வு. பாதையைக் காற்றடிக்கும் திசைக்கு நேராக விடாமல் குறுக்குச் சாய்வாக வளைத்து அமைப்பதும், பனையோலையோ மரப்பலகையோ பரப்பிக் காலடியை அதிலேயே நிறுத்துவதும், படகு ஏற்றி இழுக்கும் இடத்தைக் குன்றற்ற தாழ்விடமாக ஊரே தீர்மானிப்பதும் போதும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் மாசி முதல் ஆவணி வரை மணல் காய்ந்திருக்க, மீனவர் சோழகம் என்று கூறும் தென்காற்றும் பிற்பகலில் எழும் கடற்காற்றும் அதைப் பெயர்க்கின்றன. ஓலைத் தட்டி, மூங்கிற் பிளாச்சு, சவுக்குக் கழி என்று கிடைக்கும் பொருளைக் கொண்டு, பாதி திறப்பு விட்ட வேலியை ஏற்றநீர் எல்லைக்கு வெகுவாகப் பின்னால் நிறுத்தவேண்டிய பருவம் அது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி மணல் நனைந்ததும், கணுக்களோடு வெட்டிய அடும்புத் துண்டுகளையும் இராவணன் மீசையின் வேர்விட்ட ஓடுதண்டுகளையும், ஈர மணலை எட்டும் ஆழத்தில், வரிசை மாற்றி நடலாம். முதல் இரண்டு ஆண்டுகள் ஆடுமாடு மேயாமல் காக்க ஊரின் ஒப்புதல் வேண்டும். குன்றின் பின்னால் சாலையோ மதிலோ ஒட்டிக் கட்டாமல் வெற்றுநிலம் விடப்படவேண்டும். புயலுக்குப் பின் குன்று சில மீட்டர் பின்னகர்ந்து மீண்டும் எழ அந்த இடம் தேவை. புயலில் முகப்பு அறுபட்டால், அறுபட்ட மணலை அள்ளி வேறு வேலைக்குக் கொண்டுபோகாமல் கரையிலேயே விட்டுவைத்து, அடுத்த தென்காற்றுக்கு முன் வேலியை மீண்டும் நிறுத்தவேண்டும்.